விழுந்த பலாவும் வியாபாரப் பாடமும்

மளிகை மொத்த வியாபாரியான நான் மரக் கிண்ணங்களைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நம் தொழிலுக்கான பாடமும் இதில் இருப்பதால் எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயல் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. குடோனுக்குப் பின்னால் என் தகப்பனார் வைத்த பலா மரம் வேரோடு சாய்ந்தது. ஊரெங்கும் மரம் கிடந்ததால் விறகுக்குக் கேட்ட விலை வெட்டுக் கூலிக்கே கட்டாது. அப்போது கடைசல் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி ஒருவர், "தஞ்சாவூரில் வீணை செய்கிற மரத்தை அடுப்பில் வைக்கலாமா முதலாளி? கிண்ணம் கடைந்து தருகிறேன், விற்றுப் பாருங்கள்" என்றார்.

பச்சை மரத்தைக் கடைவது எளிது. உளி பட்டதும் சீவல் நாடா நாடாவாக வரும், தூசி பறக்காது. கஷ்டமெல்லாம் காய வைப்பதில்தான்.

பொங்கல் வியாபாரத்தில் விற்றுவிட வேண்டும் என்று நான் அவசரப்படுத்தினேன். ஆசாரி தயங்கியும் கேட்கவில்லை. மிளகாய் காயப்போடுவதுபோல் கிண்ணங்களை மொட்டை மாடி வெயிலில் வைத்து, பன்னிரண்டை விற்றும்விட்டேன். மாசி பிறப்பதற்குள் ஒன்பது திரும்பி வந்தன. எல்லாம் விளிம்பிலிருந்து அடிவரை வெடிப்பு. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். முப்பது வருட வாடிக்கையாளர் ஒருவர், "உங்கள் கடையிலா இப்படி?" என்று கேட்டது பண நஷ்டத்தைவிட வலித்தது. ஆசாரியோ, "பச்சை மிளகாயை மூட்டை பிடித்து, வத்தல் என்று சீட்டு எழுதுவீர்களா முதலாளி?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

மீதி மரம் நிழலில், வெட்டுமுகங்களில் மெழுகு பூசி, ஈரச் சாக்கு போர்த்திக் கிடந்தது. அதை அவர் போக்கில் விட்டேன். நடுக் குருத்தில்தான் வெடிப்பு தொடங்கும் என்பதால் கட்டையை இரண்டாகப் பிளந்து குருத்தைக் கழித்தார். பத்து அங்குலக் கிண்ணத்துக்கு ஓர் அங்குலக் கனம் விட்டு முரட்டுக் கடைசலாகக் கடைந்தார். மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. வளையத்தின் போக்கில் ஏறக்குறைய இரண்டு பங்கு சுருங்கும். அதனால் வட்டம் கோணும். மறுபடி கடைந்து வட்டமாக்கத்தான் அந்தக் கனம்.

பிறகு கிண்ணங்களை அவற்றின் சீவலோடு காகிதப் பைகளில் போட்டுக் குடோனின் காற்றில்லாத மூலையில் வைத்தோம். வெளிப்பக்கம் மட்டும் முந்திக் காய்ந்தால் வெடிக்கும். உள்ளும் புறமும் சேர்ந்து மெல்லக் காய வேண்டும். பூசணம் பிடிக்காதிருக்கச் சீவலை அவ்வப்போது மாற்றினோம். வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து எழுதி வைத்தேன். இரண்டு கிலோ இருந்த கிண்ணம் நான்கு மாதத்தில் ஒரு கிலோ நானூறு கிராமுக்கு வந்து, அதற்குமேல் இறங்காமல் நின்றது. அதுதான் காய்ந்ததற்கு அடையாளம். பிறகு இரண்டாம் கடைசல்.

எண்ணெய் பூசுவதிலும் கவனம் தேவை. கடலை எண்ணெய் உலராது. நாளடைவில் காறல் வாடை அடிக்கும். ஆளி விதை எண்ணெய் உலர்ந்து கெட்டிப்படும். பெயின்ட் கடைச் சரக்கில் உலர வைக்கும் மருந்து கலந்திருக்கும். உணவுப் பாத்திரத்துக்குக் கலப்பில்லாத எண்ணெயே ஏற்றது. இந்தக் கிண்ணத்தில் உப்பும் புளியும் வைக்கலாம், உலோகத்தைப்போல் அரிக்காது. ஆனால் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது.

இந்த முறை இருபத்திரண்டு தேறின. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. முதலில் ஏமாந்த ஒன்பது பேருக்கும் ஆளுக்கொன்று விலையில்லாமல் கொடுத்தேன்.

உறுப்பினர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாலையோர மரம் விழுந்து கிடந்தாலும் அது அரசுச் சொத்து. சந்தனம், தேக்கு, ஈட்டி போன்றவை சொந்த இடத்தில் விழுந்தாலும் வனத்துறையில் கேட்டபிறகே தொட வேண்டும்.

மரமானாலும் மிளகாயானாலும் ஈரச் சரக்கைக் காய்ந்த சரக்காக விற்றால், எடைக் குறைவு வாங்கியவர் வீட்டில் தெரியும். பெயர்க் குறைவு நம் கடையில் தெரியும். இதை அறுபது வயதுக்குமேல் ஒரு பலா மரத்திடம் கற்றுக்கொண்டேன்.