மாயக்கதையும் கிறித்தவ நம்பிக்கையும்

சிறார்க்கென எழுந்த மாயக்கதைகள் கிறித்தவ நம்பிக்கையொடு முரணுமோ என்னும் வினா மேலைநாடுகளிற் பெரிதும் ஆராயப்பெற்றதொன்று. 1997 முதல் 2007 வரை ஏழு நூல்களாக வெளிவந்த ரௌலிங் அம்மையாரின் ஹாரி பாட்டர் கதை அவ்வினாவைப் பூசலாக்கிற்று. மாணாக்கர் மந்திரம் பயிலும் பள்ளியே அக்கதையின் களம். உபாகமம் 18ஆம் அதிகாரம் சூனியத்தை விலக்குதலின் அது சிறார் கையிற் படலாகாது என்றனர் ஒரு சாரார். அமெரிக்காவில் ஆர்க்கன்சா மாநிலத்துச் செடார்வில் பள்ளிகளில், பெற்றோர் ஒப்புதலின்றி அந்நூல்களைப் பெறலாகாதென விதிக்கப்பட்டது. 2003இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவ்விதியை நீக்கிற்று. அஃது அரசியற் சட்டத் தீர்ப்பேயன்றிச் சமய முடிபு அன்று. இரண்டனையும் மயக்குவாரும் உளர்.

உபாகமம் விலக்கியது மந்திரம் செய்தலையோ, மந்திரத்தைக் கதையிற் கூறுதலையோ? முதலாம் சாமுவேல் 28ஆம் அதிகாரம், சவுல் மன்னன் எந்தோரில் இறந்தாரை அழைக்கும் பெண்ணொருத்தியை நாடிய செய்தியை விரித்துரைக்கின்றது. ஆகவே கூறல் வேறு, உடன்படல் வேறு என்க. அற்றன்று, ஆண்டு அது குற்றமாகக் கூறப்பட்டது, ஈண்டோ கதைத்தலைவனே மந்திரம் செய்கின்றான் என்பர் மறுப்போர். இத்தடை வலியுடைத்து.

ஆயின் இவருட் பலர் சி. எஸ். லூயிசு 1950 முதல் 1956 வரை வெளியிட்ட நார்னியாக் கதைகளை உவந்து ஏற்பர். அவற்றுள் 1952இல் வந்த நூலில் லூசி என்னும் சிறுமி மந்திரநூலை ஓதி, காணப்படாதாரைக் காணச் செய்கின்றாள். அதனை இவர் பொறுத்தது, ஆங்கு மந்திரமும் கிறித்துவின் சாயலாய அசுலான் என்னும் சிங்கத்தின் ஆணைக்கு அடங்கி நிற்றலால் என்பது எம் கருத்து. எனவே இவர்தம் தடை மந்திரத்தின்மேற்று அன்று. அம்மந்திரத்திற்கு மேலாய தலைமை கதையுட் புலப்படாமையின்மேற்று.

ரௌலிங் கதையில் அத்தகைய தலைமை இல்லை என்பது மெய்யே. எனினும் அம்மந்திர ஆற்றல் பிறப்பொடு வருவது. பேயை வேண்டிப் பெறுவதன்று. ஏழாம் நூலில் தலைவனின் பெற்றோர் கல்லறையிற் பொறிக்கப்பட்டதோ முதலாம் கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்துத் தொடர்.

இனி, கத்தோலிக்கராகிய டோல்கீன் 1939இல் சுகாத்துலாந்தில் ஆற்றிய பேருரையில், படைத்தோன் சாயலிற் படைக்கப்பெற்றமையின் மாந்தனும் படைக்கின்றான் என நிறுவினார். அவர்தம் மோதிரக் கதையிலும் வழிபாடு அரிதாகவே காணப்படும். அதனை ஏற்போர், இறைவனைப் பற்றி வாளா இருத்தலை மட்டும் காட்டி ரௌலிங்கை விலக்குதல் பொருந்தாது. கதையையும் மெய்யையும் பிரித்தறியாச் சிறுவன் உளன் எனின், அவனை அறிவார் பெற்றோரே; அது நூலாராய்ச்சியின் எல்லைக்குப் புறம்பு.