எண்ணெய் உறைவதும் கெடுவதும்

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு சொட்டும் விழாது. பக்கத்திலுள்ள கடலை எண்ணெயோ வழக்கம்போல் ஒழுகும். இரண்டும் ஒரே அடுக்களையில், ஒரே குளிரில் இருந்தவைதாம். பின் ஏன் இந்த வேறுபாடு?

சமையல் எண்ணெய் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் கிளிசராலுடன் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் இணைந்துள்ளன. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற அமிலங்கள். அவற்றின் நேரான சங்கிலிகள், அடுக்கிய விறகுபோல் நெருங்கிப் படிகின்றன. அதனால் சுமார் 24° செ. வெப்பநிலைக்குக் கீழே வந்தாலே அது உறையத் தொடங்குகிறது. கடலை எண்ணெயில் நிறைவுறா அமிலங்களே மிகுதி. அவற்றின் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்பு உண்டு. அந்த இடத்தில் சங்கிலி வளைந்திருக்கும். கோணல் விறகை நெருக்கி அடுக்க முடியுமா? எனவே அது உறைய இன்னும் கடுங்குளிர் வேண்டும்.

உறைதல் வெறும் பௌதிக மாற்றமே. அதைக் கண்டு கலப்படம் என்று ஐயுற வேண்டாம். இளஞ்சூட்டில் எண்ணெய் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

மிகுதியாகச் சூடாக்கும்போது நிகழ்வது வேதி மாற்றம். வடை போட்டதும் எழும் குமிழிகளைக் கண்டு எண்ணெய் கொதிப்பதாக நினைக்கிறோம். உண்மையில் கொதிப்பது மாவிலுள்ள நீர்தான். எண்ணெயின் வெப்பநிலை ஏறிக்கொண்டே போய், பலவகை எண்ணெய்களில் 200° செ. அளவை ஒட்டிப் புகை கிளம்பும். மூலக்கூறுகள் சிதைந்து, கண்ணைக் கரிக்கும் அக்ரோலின் வெளிப்படுகிறது. மேலும் சூடேறினால் எண்ணெய் தானே தீப்பற்றும். அப்போது நீர் ஊற்றவே கூடாது! எண்ணெயைவிடக் கனமான நீர் அடியில் இறங்கி, நொடியில் சுமார் 1,700 மடங்கு கன அளவுள்ள ஆவியாகி, எரியும் எண்ணெயை வாரி இறைக்கும். அடுப்பை அணைத்துவிட்டு, பொருத்தமான உலோகத் தட்டால் வாணலியை மூடுங்கள். காற்றில்லாமல் தீ அணைந்துவிடும்.

சேமிப்பில் எண்ணெய் காறிப்போவது ஏன்? உறையவிடாமல் தடுத்த அதே இரட்டைப் பிணைப்பின் அருகில்தான் ஆக்சிஜன் தாக்குகிறது. சூடும் ஒளியும் இத்தாக்குதலை விரைவுபடுத்தும். எனவே எண்ணெயைக் காற்றுப் புகாமல் மூடி, இருண்ட, குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

ஒருமுறை பொரித்த எண்ணெய் பாதி கெட்டதே. அதைப் புது எண்ணெயுடன் கலக்காதீர்கள். சிதைவால் உண்டாகும் முனைவுறு சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி, 2018 ஜூலை முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ளது. அளக்கும் கருவி நம் வீட்டில் இல்லை. ஆனால் கறுத்த நிறம், பிசுபிசுப்பு, காறல் வாடை, விரைவில் கிளம்பும் புகை ஆகியவற்றை அறியக் கண்ணும் மூக்கும் இருக்கின்றனவே!