பட்டு நூலும் பல் இடுக்கும்



இந்த இதழில் வரி, லைசென்சு, தராசு முத்திரை என்று எவ்வளவோ எழுதியாகிவிட்டது. இம்முறை பல்லைப் பற்றி எழுதுகிறோம். பல்பொடி, பேஸ்ட், பிரஷ் விற்காத மளிகைக் கடை தமிழ்நாட்டில் கிடையாது. ஆனால் அவற்றை விற்கும் நம்மில் பலருக்கு ஐம்பது வயதைத் தாண்டினால் கடைவாய்ப் பல் இரண்டு மூன்று இருப்பதில்லை. முறுக்கைக் காப்பியில் நனைத்துத் தின்கிறோம். கேட்டால், வயதானால் பல் விழத்தானே செய்யும் என்கிறோம். வயது மட்டும் பல்லைக் கொண்டுபோவதில்லை. சொத்தையும் ஈறு நோயும்தான் கொண்டுபோகின்றன. இரண்டும் பெரும்பாலும் பிரஷ் எட்டாத இடத்தில்தான் தொடங்குகின்றன.

எட்டாத இடங்கள் எவை? பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கு. கடைசிப் பல்லின் பின்பக்கம். மேல் கடைவாய்ப் பல்லின் கன்னத்தை ஒட்டிய பக்கம். கீழ் முன்பற்களின் உட்பக்கம், அதாவது நாக்கு படும் பக்கம். இந்தக் கடைசி இடத்தில் உமிழ்நீர் சுரந்து வரும் வாய் இருப்பதால் காரை சீக்கிரம் படியும். கண்ணாடியில் பார்த்தால் இங்கே மஞ்சளாகத் தெரியும். கிருமிகள் சேர்ந்த மெல்லிய படலம்தான் முதலில் படிகிறது. அன்றன்று எடுத்துவிட்டால் அது வெறும் அழுக்கு. விட்டுவிட்டால் இறுகிக் காரையாகிவிடும். காரையான பிறகு எந்த பேஸ்ட்டாலும் போகாது.

ஆரணிக்காரர்களான நமக்குச் சொந்தமான ஒரு செய்தி இதில் உண்டு. பல் இடுக்கைச் சுத்தம் செய்ய முதலில் சிபாரிசு செய்யப்பட்ட நூல், பட்டு நூல். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் இருந்த லீவை ஸ்பியர் பார்ம்லி என்ற பல் வைத்தியர், மெழுகு தடவிய பட்டு நூலைப் பல் இடுக்கில் விட்டு இழுக்கும்படி 1819-இல் வெளியிட்ட புத்தகத்தில் எழுதினார். 1898-இல் ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனி அதற்கு உரிமை பெற்றது. அறுவை சிகிச்சையில் தையல் போடும் பட்டு நூல்தான் அதற்கும் சரக்கு. இரண்டாம் உலகப் போரில் பட்டு கிடைக்காமல் போகவே நைலான் வந்தது. அப்போதும் நியூ ஆர்லியன்ஸ்காரர் ஒருவர்தான் அதை முன்னுக்குக் கொண்டுவந்தார். அவர் டாக்டர் சார்லஸ் பாஸ். ஃபிளாஸ் என்று இன்று மருந்துக் கடையில் சிறு டப்பாவில் கிடைப்பது இந்த நூல்தான்.

பட்டு என்றதும் தறியில் மிஞ்சிய நூலை எடுத்துப் பல்லில் விட்டுவிட வேண்டாம். அது சாயம் ஏறிய நூல்; முறுக்கும் வேறு. ஈறை அறுத்துவிடும். அதுபோல நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் பழக்கமும் கூடாது. வருஷக்கணக்கில் கடித்தால் முன்பல்லில் வெட்டுப்போல் தேய்மானம் விழும். தையற்காரர்கள் பலரிடம் இதைப் பார்க்கலாம்.

ஃபிளாஸ் உபயோகிக்கும் முறை எளிது. ஒரு முழம் நூல் வேண்டும். இரு கைகளின் நடுவிரல்களில் சுற்றிக்கொண்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு அங்குலம் இறுக்கிப் பிடிக்க வேண்டும். இடுக்கில் மெதுவாக இறக்க வேண்டும். அழுத்தித் தள்ளினால் ஈறில் வெட்டும். இறங்கிய பிறகு நூலைப் பல்லைத் தழுவுகிறாற்போல் வளைத்து, ஈறின் ஓரத்துக்குச் சற்று உள்ளே வரை மேலும் கீழும் தேய்க்க வேண்டும். அடுத்த பல்லின் பக்கமும் அப்படியே. ரம்பம் அறுப்பதுபோல் இழுக்கக் கூடாது. இடுக்குக்கு இடுக்கு நூலை நகர்த்திப் புதுப் பாகத்தை எடுக்க வேண்டும். முதல் வாரம் கை பழகாது. பிறகு சிட்டை எழுதுகிற நேரம்கூட ஆகாது.

ஈறு இறங்கி இடுக்கு அகன்ற வயதானவர்களுக்கு நூலைவிட, பாட்டில் கழுவும் பிரஷ்ஷைக் குட்டியாக்கினாற்போல் வரும் இடுக்குப் பிரஷ் நல்லது. பல அளவுகளில் வருகிறது. இடுக்கில் நெருக்காமல் நுழையும் அளவையே வாங்க வேண்டும். கடைசிப் பல்லுக்கு நாம் சொல்லும் மலிவான வழி, குழந்தைகள் பிரஷ். தலை சிறியதாக இருப்பதால் பின்னால் வரை போகும். வாயை அகலத் திறந்தால் கன்னம் இறுகி பிரஷ்ஷைத் தடுக்கும். பாதி மூடிக்கொண்டு தேய்த்தால் இடம் கிடைக்கும். கீழ் முன்பல்லின் உட்பக்கத்துக்கு பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். மற்ற இடங்களில் ஈறும் பல்லும் சேரும் கோட்டில் பிரஷ்ஷைச் சாய்த்து வைத்து, சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். இதுவும் அந்த பாஸ் டாக்டர் சொன்ன முறைதான்.

கடையில் "நல்லா ஹார்டா ஒரு பிரஷ் குடுங்க அண்ணாச்சி" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாத்திரம் தேய்ப்பதுபோல் தேய்த்தால்தான் சுத்தம் என்று நினைக்கிறார்கள். முரட்டுப் பிரஷ் பல்லைத் தேய்த்து ஈறைக் கீழே இறக்கும். செங்கல் தூள், கரித்தூள், உப்புத் தூள் எல்லாம் அதே ரகம். சாஃப்ட் பிரஷ்ஷை முன்வரிசையில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று மாற்றச் சொல்லுங்கள்; நமக்கும் வியாபாரம். 2025 செப்டம்பர் 22 முதல் பேஸ்ட், பிரஷ், ஃபிளாஸ் மூன்றுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. ஃபிளாஸ் டப்பா நாலைந்து எடுத்து வைத்துப் பார்க்கலாம்.

கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது பல்லில் ஏதாவது மாட்டினால் நாம் தேடுவது தீக்குச்சி, குண்டூசி, ஊக்கு. ஈறைக் குத்திப் புண்ணாக்க இவை போதும். அடிக்கடி ஒரே இடத்தில் மாட்டுகிறது என்றால் அங்கே சொத்தையோ இடைவெளியோ இருக்கிறது என்று பொருள்.

ஈறில் ரத்தம் வந்தால் அந்தப் பக்கம் பிரஷ் படாமல் விட்டுவிடுகிறோம். அது தலைகீழ். அழுக்கு இருப்பதால்தான் பெரும்பாலும் ரத்தம் வருகிறது. மெதுவாகச் சுத்தம் செய்துவந்தால் ஓரிரு வாரத்தில் குறையும். குறையாவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். வெதுவெதுப்பான நீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளித்தால் இதமாக இருக்கும், அழுக்கை எடுக்காது. கிராம்பு எண்ணெயும் வலியை அடக்கும், நோயை அடக்காது. அப்படியே ஊற்றினால் ஈறு வெந்துபோகும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஈறு நோய் எளிதில் வரும். ஈறு கெட்டால் சர்க்கரையும் கட்டுப்படாது.

புகையிலைக்காரர்கள் விஷயம் வேறு. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஈறு நோய் இருந்தும் ரத்தம் அதிகம் வராது. அதனால் நோய் உள்ளுக்குள் முற்றிய பிறகே தெரியும். பாக்கு மட்டுமே போட்டாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கை சொல்லிவிட்டது. பல்பொடியில் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992-இலேயே தடை செய்தது. தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலாவுக்கு 2013-இல் தடை வந்தது. அந்தச் சரக்கில் கிடைக்கும் லாபத்தை விட்டுவிட்டோம் என்று சொல்லும் கடைக்காரரைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

சுத்தம் செய்வதில் ராத்திரிதான் முக்கியம். தூங்கும்போது உமிழ்நீர் குறைவதால் கிருமிக்கு அதுவே சௌகரியமான நேரம். நாமோ பத்து மணிக்கு ஷட்டரை இறக்கி, சாப்பிட்டதும் படுத்துவிடுகிறோம். காலையில் அவசரமாகத் தேய்ப்பதைவிட, படுக்கும் முன் இரண்டு நிமிஷம் பிரஷ்ஷும் ஒரு முழம் நூலும் அதிக வேலை செய்யும்.

ஏற்கெனவே இறுகிய காரையை டாக்டர்தான் எடுக்க வேண்டும். சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று பயப்படுகிறவர்கள் நம்மில் அநேகம். ஈறு கரைந்து பல் ஏற்கெனவே ஆடுகிறது. காரை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான். வாயில் இரண்டு வாரமாக ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் முன்போல் திறக்காமை இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் போக வேண்டும். கடையை விட்டுவிட்டு எப்படிப் போவது என்பவர்களுக்கு: மே 5 வணிகர் தினத்தன்று கடை அடைப்புதானே, டாக்டர்களுக்கு அன்று லீவு இல்லை.