கட்டி நரம்பில், இரைச்சல் மூளையில்

வீடு அடங்கிய பின்னரும் காதுக்குள் ஓயாது இரையும் ஒலியோடு வாழ்வோர் பலர். ஒருவருக்கு அது சில்வண்டின் ரீங்காரம். இன்னொருவருக்கு நீராவி சீறும் ஓசை. அருகில் இருப்பவருக்கோ எதுவும் கேட்பதில்லை. ஆதலால், சொன்னால் எவரும் நம்பார் என்று எண்ணிப் பலர் அதனைச் சொல்வதேயில்லை. இவ்விரைச்சல் எங்கே பிறக்கின்றது என்பதை அறிய, காது நரம்பில் வளரும் ஒரு கட்டி மருத்துவ உலகுக்கு வழிகாட்டியுள்ளது. அதனையே இங்கு நாம் நோக்குவோம்.

உட்காதிலிருந்து மூளைக்குச் செல்லும் எட்டாவது மண்டை நரம்பு, கேட்டலுக்கும் உடலின் சமநிலைக்கும் உரியது. அதன் சமநிலைக் கிளையைப் போர்த்தியிருக்கும் சுவான் கலங்கள் மிகையாகப் பெருகும்போது இக்கட்டி தோன்றுகின்றது. இது புற்றுநோய் அன்று, அரிதானது, பெரும்பாலும் மிக மெதுவாகவே வளர்வது. ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் குறைதல், அதே காதில் இரைச்சல், நடையில் தள்ளாட்டம் என்பன இதன் அறிகுறிகள். அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1917ஆம் ஆண்டிலேயே இக்கட்டிகள் பற்றித் தனிநூல் எழுதினார்.

நரம்பைக் கட்டி அழுத்துவதால் இரைச்சல் எழுகின்றது என்றால், கட்டியோடு நரம்பையும் வெட்டிவிட்டால் அது அடங்கிவிட வேண்டுமன்றோ? உட்காதின் ஊடாகச் செய்யப்படும் அறுவையில் அக்காதின் கேள்வி முற்றாக இழக்கப்படுகின்றது. ஆயினும் இரைச்சல் பலருக்கு நீடிக்கின்றது. சிலருக்குத் தணிகின்றது. முன்னர் இரைச்சலே இல்லாதிருந்த சிலருக்கு அறுவைக்குப் பின்னர் புதிதாகத் தொடங்குவதும் உண்டு. மூளைக்குச் செல்லும் பாதை துண்டிக்கப்பட்ட பின்னரும் ஒலி கேட்கின்றது என்றால், அவ்வொலியை மூளையே ஆக்கிக்கொள்கின்றது என்றுதான் கொள்ள வேண்டும்.

கண்ணிவெடியில் காலை இழந்தவர், இல்லாத அந்தக் காலில் வலியை உணர்வதை எம்மவர் அறிவர். காதிரைச்சலும் அதனை ஒத்ததே எனலாம். 1990இல் ஜஸ்ரிரபொவ் என்னும் ஆய்வாளர் இதனை மாயக் கேள்விப் புலனுணர்வு என விளக்கினார். தொலைதூரச் சிற்றலை வானொலி தேய்ந்து ஒலிக்கும்போது நாம் ஒலியளவைக் கூட்டுவோம். பேச்சோடு கரகரப்பும் கூடிவிடும். காதிலிருந்து வரும் செய்தி குறையும்போது மூளையும் அவ்வாறே தன் உணர்திறனைக் கூட்டுகின்றது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கங்களுள் ஒன்று. 1953இல் ஹெலர், பேர்க்மன் ஆகியோர் நல்ல கேள்வித்திறன் கொண்ட 80 பேரை ஓசை புகாத அறையில் இருத்தியபோது, அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஏதோவோர் ஒலியைக் கேட்டதாகக் கூறினர்.

மூளையில் நிகழ்வதை இன்று ஓரளவு அளக்கவும் முடிகின்றது. மனித மூளையின் மின்னலைகளை ஜேர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பேர்கர் 1924இல் முதன்முதலாகப் பதிவு செய்தார். ஓய்ந்திருக்கும் மூளையில் வினாடிக்கு 8 முதல் 12 வரையான அல்பா அலைகள் மேலோங்கும். காதிரைச்சல் உள்ளோரிடம் கேள்விக்குரிய பகுதிகளில் அல்பா அலைகள் நலிந்து, மெதுவான டெல்டா அலைகள் வலுத்திருந்ததை 2005இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. காந்தப் படப்பிடிப்பு ஆய்வுகளோ கேள்விப் பகுதியில் மட்டுமன்றி, கவனம், நினைவு, உணர்ச்சி ஆகியவற்றுக்குரிய பகுதிகளிலும் வேறுபாடுகளைக் காண்கின்றன. எனினும் இவ்வேறுபாடுகள் எல்லோரிடத்தும் ஒரே விதமாக இல்லை. படம் ஒன்றை மட்டும் பார்த்து ஒருவருக்கு இரைச்சல் உண்டு, இல்லை என எவரும் தீர்ப்புக் கூற முடியாது. நோயாளியின் சொல்லே இன்றும் சான்றாக நிற்கின்றது.

உணர்ச்சிப் பகுதிகளும் இதில் பங்குகொள்வது அகதிகளுக்கு முக்கியமான செய்தியாகும். அமெரிக்காவில் வாழும் கம்போடிய அகதிகளிடம் செய்யப்பட்டு 2006இல் வெளியான ஆய்வொன்றில், காதிரைச்சல் உடையோரிடம் போரின் மனவடுவும் கடுமையாக இருந்தமை தெரியவந்தது. தம் உடலின் காற்று காதுவழி வெளியேறுவதாக அம்மக்கள் அவ்வோசையை அஞ்சுகின்றனர். ஷெல் வெடிப்புக்களின் நடுவே வாழ்ந்து வந்த எம்மவரின் செவிகளுக்கும் இத்தகைய கதைகள் உண்டு.

காதிரைச்சல் உள்ளோரில் மிகப் பெரும்பாலோருக்குக் கட்டி இல்லை. பேரோசையும் முதுமையுமே பொதுவான காரணங்கள். ஆயினும் இரைச்சலோ கேள்விக் குறைவோ ஒரு காதில் மட்டும் இருப்பின் வைத்தியரிடம் செல்லத் தாமதிக்கலாகாது. கேள்விப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ. படமும் கட்டியைக் காட்டிவிடும். சிறிய கட்டியாயின் காலத்துக்குக் காலம் படமெடுத்துக் கவனித்து வருவதே பலருக்குப் போதுமானது. வளரும் கட்டிக்குக் கதிர்ச் சிகிச்சையோ அறுவையோ உண்டு. இரைச்சலை முற்றாக அழிக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் காதுக்கருவியும் உளவியற் சிகிச்சையும் அதன் துன்பத்தைக் குறைக்க வல்லன.

வைத்தியரிடம் செல்லும்போது பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர் ஆக்காது, உரிய மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். எந்தக் காதில், எப்போது தொடங்கியது, கேள்வி குறைந்துள்ளதா, நடை தள்ளாடுகின்றதா என்னும் நான்கையும் முன்னரே எழுதி எடுத்துச் செல்லுங்கள். பிறருக்குக் கேளாத ஓசையாயினும் அதனை வாய்விட்டுச் சொல்ல எவரும் நாணவேண்டியதில்லை.