மாணவரும் ஆராய்ச்சியும்: எளிய ஊசற் பரிசோதனை பற்றிய சில கருத்துகள்

நமது பாடசாலைகளில் விஞ்ஞானக் கல்வியின் ஓர் அங்கமாகச் செய்முறை வேலை நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றது. எனினும், ஆய்வுகூடத்தில் நடைபெறுவன யாவும் பரிசோதனை எனக் கொள்ளத்தக்கனவா என்பது வினாவுக்குரியது. விடையை முன்கூட்டியே அறிந்துகொண்டு, அவ்விடைக்குக் கருவிகள் இணங்காதவிடத்துக் கொப்பியிலுள்ள எண்களை இணங்கச் செய்யும் வழக்கம் எத்துணைப் பரவலானது என்பதைச் செய்முறைக் கொப்பிகளைத் திருத்தியோர் நன்கறிவர். மாணவரை ஆராய்ச்சிக்கு அறிமுகஞ் செய்வதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவை என்பர் சிலர். கையிலுள்ள மிகப் பழைய பரிசோதனையொன்றே அதற்குப் போதுமானது என்பது எமது கருத்து.

உயர்தர வகுப்பிலே எளிய ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு ஆர்முடுகலைத் துணியும் பரிசோதனையை விஞ்ஞானம் பயின்றோர் அனைவரும் அறிவர். இழையிற் கட்டிய குண்டொன்றை அலையவிட்டு, வெவ்வேறு நீளங்களுக்கு அலைவுகாலத்தை அளந்து, அதன் வர்க்கத்தை நீளத்துக்கெதிரே வரைபாக்கினால் நேர்கோடு கிடைக்கும். அக்கோட்டின் படித்திறனிலிருந்து ஆர்முடுகல் பெறப்படும். பெரும்பாலான கொப்பிகளில் விடை செக்கனின் வர்க்கத்துக்கு 9.81 மீற்றர் என முடிவுறும். ஆசிரியரும் சரியென அடையாளமிடுவார்.

ஆயின் 9.81 என்பது இலண்டன், பாரிஸ் போன்ற நகரங்களுக்குரிய பெறுமானமாகும். ஏறக்குறைய 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடைப்பட்ட வட அகலக்கோடுகளில் அமைந்துள்ள இலங்கையில், கடல் மட்டத்தில், அது 9.78 ஆகும். எனவே இங்கு 9.81 என்னும் விடையைப் பெற்ற மாணவர், அளவீட்டு வழுவின் துணையாலோ புத்தகத்தின் துணையாலோதான் அதனைப் பெற்றிருத்தல் வேண்டும். பாடநூல்களுடன் அவை எழுதப்பட்ட நாட்டின் ஈர்ப்பையும் சேர்த்தே நாம் இறக்குமதி செய்துகொண்டோம் போலும்.

இவ்வேறுபாடு முதன்முதலாக அறியப்பட்ட வரலாறு மாணவருக்குக் கூறத்தக்கது. பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் 1672 இல் ஜான் ரிஷே என்பவரை மத்தியகோட்டுக்கு அண்மையிலுள்ள காயென் என்னும் இடத்துக்கு அனுப்பியிருந்தது. செவ்வாய்க் கிரகத்தை அவதானிப்பதே அவருடைய முதன்மையான பணி. பாரிசில் ஓர் அசைவுக்கு ஒரு செக்கன் எடுத்த ஊசல், காயெனில் மெதுவாக அசைவதை அவர் கண்டார். அதனைச் சரியாக இயங்கச் செய்வதற்கு, ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமான ஊசலை மூன்று மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவான அளவு சுருக்க வேண்டியிருந்தது. பாரிசின் பெறுமானத்தை எழுதிவிட்டுப் பேசாதிருந்திருக்கலாம். அவரோ பத்து மாதங்களாக அவ்வளவீட்டைத் திரும்பத் திரும்பச் செய்தார். வெப்பத்தினால் உலோகம் நீண்டிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. அத்துணைச் சிறிய வேறுபாட்டை ஐயுறுவதும் முறையே. 1687 இல் வெளியான தமது பெருநூலில் நியூற்றன், சுழலும் புவி துருவங்களில் தட்டையானது என்ற தமது முடிபுக்கு ரிஷேயின் அளவீட்டைச் சான்றாக்கினார். 1736-37 இல் இலாப்லாந்தில் நடைபெற்ற நிலவளவை அம்முடிபை வலுப்படுத்தியது.

நமது மாணவர் இவ்வேறுபாட்டைக் காணவியலுமா? ஒரு மீற்றர் நீளமான ஊசல் நூறு அலைவுகளுக்கு எடுக்கும் நேரம், ஆர்முடுகல் 9.81 ஆயின் 200.6 செக்கன்; 9.78 ஆயின் 200.9 செக்கன். வேறுபாடு 0.3 செக்கன் மாத்திரமே. சாதாரண நிறுத்தற் கடிகாரத்தால் இதனை அறியலாம். ஆனால் அரும்பாடுபட்டே அறியலாம். நீளத்தில் ஒரு மில்லிமீற்றர் தவறினால் நூறு அலைவுகளில் 0.1 செக்கன் மாறும். குண்டின் மையம்வரை அளவாது அதன் மேல்விளிம்புவரை அளந்தால் தேடும் வேறுபாடு முற்றாக மறைந்துவிடும். ஊசலை ஐந்து பாகைக்கு இழுத்துவிட்டால் ஏறக்குறைய 0.1 செக்கனும், பத்து பாகைக்கு இழுத்துவிட்டால் 0.4 செக்கனுக்குச் சற்றுக் குறைவாகவும் மிகையாகும். கடிகாரத்தை அழுத்தும் விரலின் தாமதமும் உண்டு. அது அலைவுகளின் எண்ணிக்கையோடு பெருகுவதில்லை. ஆகையால், இருபது அலைவுகளோடு நிறுத்தாது நூறோ இருநூறோ எண்ணுதல் வேண்டும்.

‘சிறிய வீச்சத்துடன் அலையவிடுக’ என்னும் அறிவுறுத்தலை மாணவர் ஆண்டுதோறும் மனனஞ் செய்கின்றனர். எவ்வளவு சிறியது, ஏன் என்ற வினாக்கள் மேற்கூறிய கணக்கைச் செய்யும்போதே எழுகின்றன. 9.81 ஐ அடைய முயலும் வகுப்பில் வழு என்பது மறைக்க வேண்டிய குற்றம். 9.81 ஐயும் 9.78 ஐயும் வேறுபடுத்த முயலும் வகுப்பில் அதுவே ஆராயப்படும் பொருள். பரீட்சைப் புள்ளிகள் எஞ்ஞான்றும் குறுக்கிடும் என்பது உண்மையே. எனினும் 9.74 எனப் பெற்று, தமது வழு 0.05 என மதிப்பிட்டு, காரணமுங் கூறிய மாணவருக்கு, வழுவைக் குறிப்பிடாது 9.81 என எழுதியவரைவிடக் கூடிய புள்ளி வழங்குவதைத் தடுக்கும் விதி எதுவும் ஆசிரியரின் கையிலுள்ள கொப்பிக்கு இல்லை.

இதனைச் செய்து பார்த்த வகுப்பில் மற்றொரு வினாவும் எழக்கூடும்: நுவரெலியாவில் ஊசல் இன்னும் மெதுவாக அலையுமா? ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில், உயரத்தை மட்டும் கருதினால், நூறு அலைவுகளுக்கு மிகையாகும் நேரம் 0.06 செக்கன் அளவினதே. கீழேயுள்ள மலைத்திணிவின் ஈர்ப்பு அதனையும் ஓரளவு குறைக்கும். நூறு அலைவுகளை எண்ணும் கைக்கடிகார முறைக்கு இது எட்டாது. எத்தனை அலைவுகள் எண்ணினால் எட்டும், அதற்குமுன் ஊசல் அடங்கிவிடாதிருக்க என்ன செய்யலாம் என்பதை மாணவரே கணித்துக்கொள்ளட்டும்.