வீட்டிலிருந்தே தமிழ் படிக்க: கணிப்பொறி ஆயத்தங்கள்

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் எழுதப் படிக்கத் தெரிவதில்லை. பேருந்தின் பெயர்ப்பலகையைக் கன்னடத்தில் சரளமாகப் படிக்கும் பிள்ளை, ஊரிலிருந்து வரும் திருமண அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறது. பள்ளியில் கன்னடம், ஆங்கிலம், இந்தி என்று மூன்று மொழிகள் படித்தபின் நான்காவதற்கு இடமில்லை. நாம் வாழும் மண்ணின் மொழியான கன்னடத்தைப் பிள்ளைகள் கற்பது கடமை. தமிழ் எழுத்தைக் கற்பிக்கும் பொறுப்பு வீட்டுக்கே வந்து சேருகிறது. வைட்ஃபீல்டில் இருப்பவர் தமிழ் வகுப்புக்காக அல்சூர் வந்து திரும்புவதற்குள் அரைநாள் போய்விடும். இந்நிலையில் கணிப்பொறி வழிக் கல்வி நமக்குப் பெரிதும் கைகொடுக்கும்.

வாயில் திறந்தே இருக்கிறது

1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்இணையம் 99' மாநாடு நடந்தது. அதன் பயனாக, உலகெங்கும் வாழும் தமிழருக்காக 2001 பிப்ரவரி 17 அன்று தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்து தொலைநிலைக் கல்வியில் பட்டறிவு பெற்ற முனைவர் வா.செ. குழந்தைசாமி இதன் முதல் தலைவர். இன்று இதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். மழலைக் கல்வியில் எழுத்து, எண், பாடல், கதை, உரையாடல் ஆகியவை ஒலியுடன் கிடைக்கின்றன. அதன்மேல் சான்றிதழ், பட்டயம், பட்டம் எனப் படிநிலைகள் உண்டு. இணையத் தேடலில் கழகத்தின் பெயரைத் தமிழிலேயே கொடுத்தால் தளம் கிடைத்துவிடும். கட்டணமும் தேர்வு விவரமும் மாறக்கூடியவை. சேருமுன் அங்கேயே கேட்டறிவது நல்லது.

"எங்களுக்குக் கணிப்பொறி தெரியாதே" என்று என்னிடம் தயங்கும் பெற்றோர் பலர். அவர்களுக்கு நான் சொல்லும் ஆயத்தங்கள் இவை:

1. கருவி

பாட்டும் கதையும் கேட்கக் கைப்பேசி போதும். படித்து, எழுதி, பயிற்சி செய்யப் பெரிய திரை வேண்டும். புதிது வாங்க வசதியில்லையேல் எஸ்.பி. ரோட்டில் பழைய மடிக்கணினி கிடைக்கும். 8 ஜி.பி. நினைவகம் இருந்தால் நலம்; 4 ஜி.பி. இருந்தாலும் பாடம் பார்க்கலாம். கடையிலேயே இயக்கி, எல்லா விசைகளையும் தட்டிப் பாருங்கள். கேமரா, ஒலிவாங்கி, வைஃபை மூன்றையும் சோதியுங்கள். சார்ஜர் இணைப்பை எடுத்துவிட்டு மின்கலம் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பாருங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு மேம்படுத்தல் 2025 அக்டோபர் 14 உடன் நின்றுவிட்டது. எனவே விண்டோஸ் 11 ஏற்கும் பொறியா என்று கேளுங்கள். ஏற்காது எனில் இலவசமான லினக்ஸ் போட்டுத் தரச் சொல்லலாம்.

2. இணைப்பு

நடுத்தரத் தெளிவில் ஒரு மணி நேரப் படக்காட்சிக்குச் சுமார் அரை ஜி.பி. செலவாகும். நாளுக்கு ஒன்றரை ஜி.பி. தரும் கைப்பேசித் திட்டத்தில் ஒரு பிள்ளையின் பாடம் தாராளமாக அடங்கும். படத்தின் தெளிவைக் குறைத்துக்கொண்டால் மேலும் மிச்சம். மின்சாரம் நின்றால் வீட்டு வைஃபையும் நின்றுவிடும். அப்போது கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் உதவும். அதை இயக்க முன்னரே பழகிக்கொள்ளுங்கள்.

3. தமிழ்த் தட்டச்சு

ஒருகாலத்தில் தளத்துக்கொரு எழுத்துரு இறக்க வேண்டியிருந்தது. யூனிகோடு பரவியபின் அத்தொல்லை இல்லை. விண்டோஸ் அமைப்புகளில் மொழிப் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்து, 'தமிழ் 99' விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தினால் மொழி மாறும். இது 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய அமைப்பு. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 'அம்மா' என்று எழுத ஏ, கே, கே, க்யூ ஆகிய நான்கு தட்டல்கள் போதும். நடுவிலுள்ள புள்ளி தானே விழும். ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துத் தட்டுவது எளிதுதான். ஆயினும் எழுத்துப் பழகும் பிள்ளைக்குத் தமிழ் 99 நல்லது. எந்த உயிர் எந்த மெய்யுடன் சேர்ந்தது என்பது விரலுக்கே பழகிவிடும்.

4. அடிப்படைப் பழக்கங்கள்

பெற்றோர் அறிய வேண்டியவை சிலவே: இணைய உலாவியைத் திறப்பது, பாடத்தை இறக்கிப் பிள்ளையின் பெயரிட்ட கோப்புறையில் சேமிப்பது, மின்னஞ்சல் அனுப்புவது, எழுதிய பக்கத்தைப் படமெடுத்து இணைப்பது. கடவுச்சொல்லை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

5. இடமும் நேரமும்

கூடத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி மேசையைப் போடுங்கள். வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம் போதும். ஆனால் நேரம் மாறக்கூடாது. பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் கட்டாயம். கணிப்பொறி எழுத்தைக் காட்டும், ஒலிக்கும். கையெழுத்து கையால் எழுதித்தான் வரும். தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் அவர்களை அருகே அமர்த்துங்கள். பொறியை இயக்கப் பேரன் பழக்குவான். ழகரம் சொல்லத் தாத்தா திருத்துவார்.

ஏப்ரல், மே விடுமுறை இதற்கு ஏற்ற காலம். முதல் வாரம் கருவி, இணைப்பு, விசைப்பலகை மூன்றையும் சரிசெய்யுங்கள். இரண்டாம் வாரம் உயிரெழுத்தில் தொடங்குங்கள். பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் கைவந்துவிட்டால் மற்றவை தாமே தொடரும். பெற்றோர் அன்புகூர்ந்து இவ்வாண்டே முயலுங்கள்.