‘வந்து... ஆக்சுவலா... புரியுதா?’ - பேச்சில் ஒட்டிக்கொள்ளும் சொற்கள்: ஏன் வருகின்றன, எப்போது விட வேண்டும்?

“ஆக்சுவலா சார், நான் வந்து பேசிக்கலி ஒரு மூணு வருஷமா வந்து டெஸ்டிங்லதான் இருக்கேன் சார்.”

வேலைக்கான நேர்காணலில் இப்படி ஒரு பதில். மொத்தம் 12 சொற்கள். ‘நான் மூணு வருஷமா டெஸ்டிங்ல இருக்கேன்’ என்று ஐந்தே சொற்களில் முடிந்திருக்க வேண்டியது. மீதி ஏழு எதற்கு? பேசியவரைக் கேட்டால், “அப்படியா சொன்னேன்?” என்றுதான் திருப்பிக் கேட்பார். நேர்காணல் எடுத்தவருக்கோ அந்த ஏழும்தான் காதில் நிற்கும். ‘பையனுக்கு விஷயம் தெரியலையோ?’ என்ற சந்தேகமும் கூடவே எழும்.

உண்மையில் விஷயம் தெரியாததற்கும் இந்தச் சொற்களுக்கும் பெரிய தொடர்பு இல்லை. ஆங்கிலத்தில் ‘ஃபில்லர் வேர்ட்ஸ்’ எனப்படும் இந்த நிரப்புச் சொற்கள் எங்கிருந்து வருகின்றன? எல்லாவற்றையும் ஒழித்துக்கட்ட வேண்டுமா?

வாய் முந்துகிறது, மூளை தேடுகிறது

இரண்டு பேர் பேசும்போது ஒருவர் முடித்ததற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையே எவ்வளவு நேரம் இருக்கும்? வெவ்வேறு பண்பாடுகளைச் சேர்ந்த 10 மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்ட ஆய்வு 2009-இல் வெளியானது. சராசரி இடைவெளி சுமார் 200 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லத் தொடங்கவே மூளைக்குச் சுமார் 600 மில்லி விநாடி தேவை என்கின்றன மொழி உளவியல் ஆய்வுகள்.

கணக்கு இடிக்கிறதா? அதனால்தான் எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். அது முழுதாகத் தயாராவதற்குள் நம் முறை வந்துவிட்டால்? சும்மா இருந்தால் வேறொருவர் புகுந்துவிடுவார். ‘இருங்க, நான் இன்னும் முடிக்கலை’ என்று கை காட்டுவதற்குப் பதிலாக வாய் ‘அது வந்து...’ என்கிறது. பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போலத்தான்.

இரண்டாம் மொழியில் பேசும்போது இது கூடும். தமிழ்வழியில் படித்தவர் ஆங்கிலத்தில் பதில் சொல்லும்போது சொல்லைத் தேடும் நேரம் அதிகம். அந்தப் பள்ளங்களில் எல்லாம் ‘ஆக்சுவலா’வும் ‘பேசிக்கலி’யும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அது அறிவின் குறை அல்ல, தேடலின் சத்தம்.

கேட்பவருக்கும் உதவுமாம்

ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆங்கிலத்தில் ‘அ...’ என்று இழுத்தால் சின்னத் தாமதம், ‘அம்...’ என்றால் கொஞ்சம் பெரிய தாமதம் வரப்போகிறது என்று பொருள். பேசுபவர் தம்மை அறியாமலே இந்த வித்தியாசத்தைக் காட்டுகிறார் என்பது அவர்கள் வாதம்.

குழந்தைகளுக்குக்கூட இது தெரிகிறது. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளியானது. குழந்தைகளுக்குத் திரையில் இரண்டு படங்கள் காட்டினார்கள். ஒன்று தெரிந்த பொருள், இன்னொன்று பெயர் தெரியாத புதுப் பொருள். குரல் ‘அ...’ என்று தயங்கியதும், இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைகள் புதுப் பொருளைத்தான் பார்த்தார்கள். ‘தயங்குறாங்கன்னா தெரியாத பேர் எதையோ சொல்லப்போறாங்க’ என்ற ஊகம் அவ்வளவு சீக்கிரமே வந்துவிடுகிறது.

அதே ஆண்டு வெளியான வேறொரு ஆய்வில், இத்தகைய தயக்க ஒலிகளோடு கதை கேட்டவர்கள் நிகழ்ச்சிகளைக் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். அதே இடங்களில் அதே நேர அளவுக்கு இருமலைச் சேர்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2018-இல் கூகுள் தன் ‘டூப்ளெக்ஸ்’ குரல் உதவியாளரை அறிமுகப்படுத்தியபோது, அந்த இயந்திரக் குரல் போனில் ‘அம்...’, ‘ம்ம்’ என்று இழுத்துப் பேசியதும் சும்மா இல்லை. தயக்கமே இல்லாத பேச்சு மனிதப் பேச்சாகத் தோன்றுவதில்லை.

தொல்காப்பியத்திலேயே இடம் உண்டு

தமிழ் இலக்கணம் பொருள் தராத சொற்களை ஒதுக்கி வைக்கவில்லை. இடைச்சொற்களை வகைப்படுத்தும்போது ‘அசைநிலை’, ‘இசைநிறை’ என்று இரண்டு வகைகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. பொருள் இல்லாமல் சொல்லோடு ஒட்டி வருவது அசைநிலை. செய்யுளின் ஓசையை நிறைக்க வருவது இசைநிறை. பின்னால் வந்த நன்னூலும் தன் எட்டு வகை இடைச்சொற்களில் இவ்விரண்டையும் வைத்திருக்கிறது. ‘கேண்மதி’ என்பதில் வரும் ‘மதி’க்குத் தனிப் பொருள் இல்லை, அது எதிரில் இருப்பவரை நோக்கிச் சொல்வதற்கான அசை.

இன்றைய ‘வந்து’வும் கிட்டத்தட்ட அந்த வேலையைத்தான் செய்கிறது. ‘எங்க அப்பா வந்து ரிட்டயர்டு டீச்சர்’ என்றால் யாரும் எங்கிருந்தும் வரவில்லை. ‘இப்போ அப்பாவைப் பத்திச் சொல்லப்போறேன், கவனிங்க’ என்று பொருள். ‘வா’ என்ற வினை தன் சொந்தப் பொருளை உதறிவிட்டுப் பேச்சின் போக்குவரத்துக் காவலராகிவிட்டது. இந்திக்காரருக்கு ‘மத்லப்’, ஜப்பானியருக்கு ‘எட்டோ’, சீன மொழியில் ‘நெய்கே’ என எல்லோரிடமும் ஒன்று உண்டு.

அப்புறம் ஏன் கடுப்பாகிறது?

கல்லூரியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். பேராசிரியர் எத்தனை முறை ‘ஓகே’ சொல்கிறார் என்று நோட்டின் ஓரத்தில் கோடு போட்டு எண்ணியிருப்பார்கள். எண்ணத் தொடங்கியதும் பாடம் காதில் ஏறாது. எரிச்சலின் அடிப்படை இதுதான்: சொல் கவனிக்கப்படாத வரை பேச்சுக்கு உதவுகிறது, கவனிக்கப்பட்டதும் பேச்சையே மறைத்துவிடுகிறது.

எல்லா நிரப்புச் சொற்களும் ஒரே மாதிரி எரிச்சலூட்டுவதில்லை. மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

நேரம் வாங்குபவை: ‘அது வந்து’, ‘என்னன்னா’, ‘அதாவது’. அளவோடு வந்தால் யாருக்கும் தொந்தரவில்லை.

பூச்சு வேலை செய்பவை: ‘ஆக்சுவலா’, ‘பேசிக்கலி’, ‘ஹானஸ்ட்லி’, ‘லிட்டரலி’. பேச்சுக்கு ஒரு மினுமினுப்பு தரும் என்று நம்பிச் சேர்க்கப்படுபவை. ஒரு வாக்கியத்தில் ‘ஹானஸ்ட்லி’ சொன்னால், மற்ற வாக்கியங்களில் எல்லாம் என்ன செய்தீர்கள் என்று கேட்கத் தோன்றும்.

எதிராளியைத் தொடுபவை: ‘புரியுதா?’, ‘நான் சொல்றது விளங்குதா?’, ‘தப்பா எடுத்துக்காதீங்க’. அதிக ஆபத்து இங்கேதான். சொல்பவருக்கு அது வெறும் பழக்கம். கேட்பவருக்கு, அதுவும் வயதில் மூத்தவருக்கு, ‘என்னை முட்டாள்னு நினைக்கிறானா?’ என்று படும். ‘தப்பா எடுத்துக்காதீங்க’ என்று ஆரம்பித்தாலே தப்பாக எடுத்துக்கொள்ள ஏதோ வருகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஒரு மொழியின் நிரப்புச் சொல் இன்னொரு மொழிக்காரர் காதில் வேறாக விழுவதும் உண்டு. 2020-இல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர், நிரப்புச் சொற்களுக்கு உதாரணமாகச் சீன மொழியின் ‘நெய்கே’யைச் சொன்னார். அது கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஆங்கிலச் சொல்போல் ஒலித்ததாக மாணவர்கள் புகார் செய்தார்கள். அந்தப் பாடத்தை வேறொருவர் எடுக்க வேண்டியதாயிற்று. அவர் விதி எதையும் மீறவில்லை என்று பின்னர் பல்கலைக்கழகம் தெரிவித்தது.

‘உம்’ கொட்ட ஆள் இல்லை

பாட்டி கதை சொல்லும்போது ஒரு நிபந்தனை உண்டு: பேரப்பிள்ளை ‘உம்’ கொட்ட வேண்டும். ‘உம்’ நின்றால் கதையும் நிற்கும். கேட்பவர் தரும் இந்தச் சின்ன ஒலிகள்தான் பேசுபவரைத் தாங்குகின்றன.

ஆன்லைன் மீட்டிங்கில் நடப்பது இதற்கு நேரெதிர். எல்லோரும் மியூட்டில், கேமராவும் ஆஃப். பேசுபவருக்கு ஒரு ‘ம்’கூடக் கிடைப்பதில்லை. கிணற்றுக்குள் பேசுவது போன்ற உணர்வில், ‘ஓகேவா?’, ‘ரைட்டா?’, ‘கேக்குதா?’ என்று அவரே கேட்டுக்கொள்கிறார். சக ஊழியரின் ‘ஓகேவா’ எரிச்சலூட்டினால், ஒருமுறை மியூட்டை எடுத்து ‘ம், சொல்லுங்க’ என்று சொல்லிப் பார்க்கலாம். பாதி ‘ஓகேவா’ குறைந்துவிடும்.

குறைப்பது எப்படி?

மேடைப் பேச்சுப் பயிற்சிக்காக 1924-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ‘டோஸ்ட்மாஸ்டர்ஸ்’ மன்றங்களில் ‘ஆ கவுன்ட்டர்’ என்று ஒரு பொறுப்பு இருக்கிறது. யார் எத்தனை முறை ‘ஆ’, ‘அம்’ சொன்னார் என்று எண்ணிக் கடைசியில் சொல்வது அவர் வேலை. அதே வேலையை உங்கள் போனே செய்யும். நண்பருக்கு அனுப்பிய இரண்டு நிமிட வாய்ஸ் மெசேஜைத் திரும்பக் கேளுங்கள். உங்கள் சொல் எது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

அடுத்து, அந்தச் சொல் வரும் இடத்தில் வாயை மூடிக்கொள்ளுங்கள். ஒரு விநாடி மௌனம் பேசுபவருக்கு யுகமாகத் தோன்றும். கேட்பவருக்கு அது யோசனையாகத் தெரியும். நேர்காணலுக்குப் போகிறவர்கள் எல்லாப் பதிலையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். எதிர்பார்க்கும் கேள்விகளுக்கு முதல் வாக்கியத்தை மட்டும் தயாராக வைத்திருந்தால் போதும். தடுமாற்றம் அதிகம் வருவது தொடக்கத்தில்தான். ‘புரியுதா?’வுக்குப் பதில் ‘நான் தெளிவாச் சொன்னேனா?’ என்று கேட்டால், பொறுப்பு கேட்பவர் தலையிலிருந்து இறங்கிவிடும்.

அடுத்தவரைத் திருத்தும் முன்

திக்குவாய் உள்ளவர்களில் பலர், சிக்கும் சொல்லைத் தாண்டுவதற்காகவே ‘அது வந்து’ போன்ற ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு பேசத் தொடங்குவார்கள். வெளியே அது எரிச்சலூட்டும் பழக்கமாகத் தெரியும். உள்ளே அது ஊன்றுகோல். நாலு பேர் முன்னால் ‘எத்தனை வந்து சொல்றே பாரு’ என்று கிண்டலடித்தால், அவர் அடுத்த முறை வாயையே திறக்காமல் இருந்துவிடலாம்.

நேர்காணல் எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். அந்த 12 சொல் பதிலில் மூன்று வருட அனுபவம் இருந்தது. ‘வந்து’வை எண்ணிக்கொண்டிருந்தவர் அதைக் கேட்டிருக்க மாட்டார்.